தொட்டியில் பச்சை மட்டும்

ஜூலை 26, வெள்ளி. இன்று ஒரு தப்பு செய்தேன். அண்ணியின் காலில் இருந்த புள்ளிகளைச் சாயம் என்று நினைத்து பிளீச்சிங் தண்ணீர் விட்டு நாரால் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் தேய்த்த இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. கொஞ்சம் மெதுவாகத் தேய்த்திருக்கலாம்.

அதற்கு மேல் என்ன எழுதுவது என்று புவனாவுக்குத் தெரியவில்லை. பேனாவை மூடினாள். மறுபடி திறந்து 'கொஞ்சம்' என்ற சொல்லை அடித்துவிட்டு மூடினாள். அவள் சுபாவம் அப்படி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாலை நேர டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் போதும், அதற்கு முன்னால் சரியாக அடித்த வரிகளையும் சந்தேகத்தோடு படித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அதற்குள் பக்கத்து மிஷின்காரர்கள் தாளை உருவிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

பகலில் வீட்டு வேலை, தறி வேலை. திருத்தணியில் அரக்கோணம் சாலையை ஒட்டிய தெரு அது. முன்கட்டில் அண்ணன் ஹரிஹரனின் இரண்டு விசைத்தறிகள் ஓடும். பின்கட்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே சாயத் தொட்டிகள். சாயம் போடுவது அண்ணி காஞ்சனா. அம்மையார்குப்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டிலேயே நூலோடு வளர்ந்தவள் என்பதால், எந்த நூல் சிட்டத்துக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடா என்று பார்க்காமலே அள்ளிப் போடுவாள். கை தவறாது.

அந்தக் கைதான் போன வாரம் தவறியது. பச்சை நூலுக்கு உப்பை ஒரு தடவை போட்டுவிட்டு, போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டாள். நூல் திட்டுத்திட்டாக வந்தது. அவள் மாமியார், புவனாவின் அம்மா ஜெயம்மா, சிட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நூலா, பாசி புடிச்ச கொளமா?" என்றாள். காஞ்சனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

வயிற்று வலிதான் முதலில் வந்தது. அது வந்தபோது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஹரிஹரன் அரக்கோணம் சாலையில் பைக்கோடு விழுந்து கால் எலும்பு முறிந்து கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் மலைக்குப் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவள் அவள். அவன் நடந்தான், தறியும் ஓட்டினான். போன வருஷம் வீட்டில் ஒரு சாவுத் தீட்டால் முடியாமல் போனது. இந்த வருஷம் எப்படியும் எடுத்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

வெறும் வயிறு, அதனால் வலி என்றார்கள். வாந்தி வந்தது, பித்தம் என்றார்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டபோது பஜாரில் இருந்த டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கேஸ் மாத்திரையும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தார். விரதம் இருக்கிறாள் என்று சொன்னால் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள். முகம் வெளுத்தது, விரதச் சோர்வு. உப்பு இரண்டு தடவை விழுந்தது, கவனக்குறைவு. காலில் செம்புள்ளிகள், சாயம். ஒவ்வொன்றுக்கும் வீட்டிலேயே ஒரு காரணம் தயாராக இருந்தது.

காவடி எடுக்கிற வருஷம் கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமையே தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். கையிலும் காலிலும் சாயம் ஒட்டியிருக்க மலையேறக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தால் சாயம் போய்விடும், தோல் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். காஞ்சனாவால் குனிய முடியவில்லை என்று அவள் காலைத் தேய்த்துவிடப் புவனாவை உட்கார வைத்தார்கள். கையிலிருந்த கறை போயிற்று. நகக்கண் கூடச் சுத்தமாயிற்று. கால் புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன.

சனிக்கிழமை காலை கடைசிச் சிட்டங்களைக் கொட்டகைக்கு வெளியே மூங்கிலில் உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் புவனாவின் கை நின்றது.

மூங்கில் முழுக்கப் பச்சை. பக்கத்து மூங்கிலிலும் பச்சை. ஆந்திராக்காரர் ஒருவர் சொன்ன ஆர்டர். ஆனியிலிருந்தே தொட்டியில் பச்சையைத் தவிர வேறு நிறம் இறங்கவில்லை. சிவப்புப் பொட்டலம் அலமாரியில் கட்டின கயிறு அவிழாமல் இருந்தது. அவள் தன் காலைப் பார்த்தாள். கணுக்காலில் அங்கங்கே பச்சையாகத் தெறித்திருந்தது.

அப்படியென்றால் அண்ணி காலில் சிவப்பு எங்கேயிருந்து வந்தது?

உடனே அடுத்த எண்ணமும் வந்தது: நமக்கென்ன தெரியும். போன தையில் அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கிறது என்று பதறி 108-ஐக் கூப்பிட்டவள் அவள்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் கல்யாண வீட்டில் தின்ற போண்டா. ஜெயம்மா ஏப்பம் விட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பேர். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஷரீப், அவள் வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம், "இன்னா டாக்டரம்மா, டூட்டிக்கா?" என்பார்.

ஈரச் சிட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனாள். காஞ்சனா சமையற்கட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அண்ணி, பொடவைய கொஞ்சம் தூக்கிக் காட்டேன்."

"நேத்து தேய்ச்சது பத்தலியா?" காஞ்சனா கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். "தோலையே உரிச்சிட்டு மலைக்கு அனுப்பறியா?"

முழங்காலுக்கு மேலேயும் புள்ளிகள் இருந்தன. தொடையின் பின்பக்கம் கூட. ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னதாக, கூட்டமாக. புவனா ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். நிறம் மாறவில்லை. புடவைக்குள் எந்தச் சாயம் தெறிக்கும்?

"பல்லு தேய்க்கறப்ப ரத்தம் வந்துச்சு," என்றாள் காஞ்சனா, ஏதோ ஞாபகம் வந்தவளாக. "அந்த... அத எடு, தாகமா கீது."

"எத அண்ணி?"

"அதான்... அது." கையை நீட்டிக் காட்டினாள். சொம்பு. சொம்பு என்ற பேர் அவளுக்கு வரவில்லை. புவனா எடுத்துக் கொடுத்ததும் வாங்கினாள். பிடி நழுவிச் சொம்பு உருண்டு தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. காஞ்சனா தன் வலது கையை யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு, "சொம்பு," என்றாள் தெளிவாக. "போ, தொடைச்சிடு."

புவனா துடைக்கவில்லை. முன்கட்டுக்கு ஓடினாள். தறிச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"அண்ணா, அண்ணிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்! ரத்தம் பாக்கணும்!"

ஹரிஹரன் தறியை நிறுத்தாமல் திரும்பினான். "நேத்து முந்தாநேத்துதான காட்னோம்?"

"வயித்துக்குக் காட்னோம். இது வேற. கால்ல இருக்கறது சாயம் இல்ல."

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஜெயம்மா முறத்தை வைத்துவிட்டு வந்தாள். "ஆரம்பிச்சிட்டியா? திங்கக்கெழம கிருத்திகை. மாலை போட்டவள ஊசி போடற எடத்துக்கு இட்டுகினு போவியா?" மகன் பக்கம் திரும்பினாள். "நைனா, இவ பேச்சக் கேட்டு நீ கெளம்பாத. போண்டாவுக்கு ஆம்புலன்ஸ் கூப்ட்டவ இவ."

"ஆங், கூப்ட்டேன். தப்புதான். இதுவும் தப்பா இருந்தா நல்லதுதான் அம்மா. ஆனா தொட்டியில இத்தினி நாளா பச்சைதான கெடந்துச்சு? செவப்பு எப்படித் தெறிக்கும்?"

ஜெயம்மாவின் பார்வை பின்கட்டுத் தொட்டிகளின் பக்கம் போயிற்று. சாயப்பட்டறையில் காலம் தள்ளினவளுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. ஆனாலும் விடவில்லை. "கொசு கடிச்சிருக்கும்."

அப்போது காஞ்சனா சுவரைப் பிடித்துக்கொண்டு நடைக்கு வந்தாள். விடியலிலிருந்து தறியில் நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்து, விருந்தாளியைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தாள்.

"எப்ப வந்தீங்க பாவா, ஊர்ல இருந்து?"

ஹரிஹரன் தறியை அணைத்தான். அந்தத் தெருவில் பகலில் அந்த அமைதி வழக்கமில்லை. ஷரீப் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஹரி, கரண்டா?"

"ஆட்டோவ எடு ஷரீப்."

ஷரீப் புவனாவைப் பார்த்தார். 'டாக்டரம்மா' நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். காஞ்சனாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

காவடிக் கூட்டம் அதற்குள் ஊருக்கு வரத் தொடங்கியிருந்தது. மஞ்சள் வேட்டிகளும் பம்பைச் சத்தமுமாகச் சாலையில் ஆட்டோ ஊர்ந்தது. புவனா மனசுக்குள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தாள். முதலில் வயிறு. அப்புறம் வாந்தி, போக்கு. அப்புறம் உப்பு. அப்புறம் புள்ளி, பல்லில் ரத்தம், சொம்பு. அடுக்கி முடித்ததும் சந்தேகம் வந்தது: இவ்வளவையும் சொன்னால் கதை விடுகிறாள் என்று நினைப்பார்களோ? வெறும் புள்ளியை மட்டும் சொன்னால் போதுமோ?

ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தது இளவயசு லேடி டாக்டர். காஞ்சனாவுக்கு அந்த நேரம் பார்த்துப் பேச்சு நன்றாக இருந்தது. பேர் சொன்னாள், ஊர் சொன்னாள். "வயிறுதான் டாக்டர், விரதம் விட்டா சரியாயிடும்," என்று அவளே சொன்னாள்.

"வேற ஏதாவது இருக்கா?" டாக்டர் ஹரிஹரனிடம் கேட்டார்.

"இல்லீங்க. கால்ல புள்ளி கொஞ்சம்."

டாக்டர் சீட்டில் எழுதக் குனிந்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. புவனா மேஜையை நெருங்கினாள். இப்போது சொல்லாவிட்டால் அந்தச் சீட்டு ஒரு மாத்திரையோடு முடிந்துவிடும், வீட்டுக்குப் போவார்கள், திங்கட்கிழமை அண்ணி தோளில் காவடியோடு படியேறுவாள்.

"இருக்குது டாக்டர்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "தப்பா சொன்னா திட்டாதீங்க. முதல்ல இருந்து சொல்றேன்."

சொன்னாள். வயிற்றில் தொடங்கினாள். உப்பு இரண்டு தடவை விழுந்ததைச் சொன்னபோது ஹரிஹரன் கூச்சத்தோடு அவள் கையைத் தொட்டான்; அவள் நிறுத்தவில்லை. சொம்பின் பேர் மறந்ததைச் சொன்னாள். வீட்டில் இருந்த புருஷனை எப்போது வந்தாய் என்று கேட்டதைச் சொன்னாள். பிளீச்சிங் போட்டுத் தேய்த்ததையும் சொன்னாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். காஞ்சனாவின் காலில் விரலை அழுத்தி எடுத்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "சிறுநீர் எப்படிப் போகுது?"

"காபி மாதிரி," என்றாள் காஞ்சனா சின்னக் குரலில். அதை வீட்டில் யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது டாக்டரே லேபுக்குப் போய்த் திரும்பினார். "பிளேட்லெட் ரொம்பக் கம்மியா இருக்கு."

"டெங்குவாங்க? பப்பாளி எல சாறு குடுக்கலாமா?" ஹரிஹரன் பாதி எழுந்தே விட்டான்.

"காய்ச்சலே இல்லையே. மைக்ராஸ்கோப்பில பாத்தா சிவப்பணுக்கள் உடைஞ்சு உடைஞ்சு கிடக்கு. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. சரியான்னு சென்னையில பெரிய ஆஸ்பத்திரியிலதான் சொல்ல முடியும். ஆனா இன்னிக்கே போகணும். பேசிட்டேன், காத்திருக்காங்க." ஒரு கணம் நிறுத்தி, "சாறு எதுவும் வேண்டாம். வழியில எங்கேயும் இறங்க வேண்டாம்," என்றார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது காஞ்சனா கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கெழம வந்துடுவோமில்ல?"

ஹரிஹரன் அவள் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரி செய்தான்.

சென்னையில் அன்று சாயங்காலமே சிகிச்சையைத் தொடங்கினார்கள். உள்ளே விடவில்லை. நரைத்த மீசை வைத்த டாக்டர் ஒருவர் வெளியே வந்து, சுவரோரம் நின்றிருந்த இருவருக்கும் நிதானமாகச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டியதே திரும்பி உடம்பைத் தாக்குகிற வகை வியாதி இது. ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி பார்த்துக்கொள்கிற ஒரு பொருளை அது அழித்துவிடுகிறது. அப்போது மிகச் சின்ன ரத்தக்குழாய்களில் கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ளும். "வயித்துக்குப் போற குழாய்ல அடைச்சா வலி, வாந்தி, பேதி. சில பேருக்கு அதுதான் முதல்ல வரும். அதை எல்லாரும் வயிறுன்னுதான் நினைப்பாங்க. மூளைக்குப் போறதுல அடைச்சா பேச்சு தடுமாறும்."

"உறையிற வியாதின்னா, பல்லுல ரத்தம் ஏன் வருதுங்க?" புவனா கேட்டாள். கேட்டது அசட்டுத்தனமோ என்று உடனே தோன்றியது.

"நல்ல கேள்வி. உறையறதுக்கு வேண்டிய பிளேட்லெட் எல்லாம் அந்தக் கட்டிங்களுக்கே செலவாயிடுது. மத்த இடத்துல கசிஞ்சா அடைக்க ஆள் இல்ல."

தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது சரியாகக் கலக்காத கஞ்சி நூலில் அங்கங்கே திரளாகப் படிந்துவிடுவது புவனாவுக்கு ஞாபகம் வந்தது. திரண்ட இடத்தில் நூல் சிக்கும்; கஞ்சி படாத இடத்தில் அறும். ஒரே பாவில் இரண்டு கோளாறும் வரும்.

"பொழைச்சிடுவாளா?" என்றான் ஹரிஹரன்.

"ரத்தத்துல இருக்கற பிளாஸ்மாவ எடுத்துட்டு, ஆரோக்கியமானவங்க குடுத்த பிளாஸ்மாவ ஏத்தறோம். மாத்திரையும் போகுது. ஒரு டெஸ்ட் ரிசல்ட் வர நாளாகும், அதுக்குக் காத்திருக்கல. இப்ப எதுவும் உறுதியா சொல்ல முடியாது. வந்தது நல்லது. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல விரும்பல."

ஹரிஹரன் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தான். முறிந்து சேர்ந்த கால். அதற்காகத்தான் அவள் பட்டினி கிடந்தாள். "பட்டினியால வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. பட்டினி இதைக் கொண்டுவரல. மறைச்சிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை ரத்த வங்கியிலிருந்து ஆள் வந்தார். இருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம், தினமும் நிறையப் பைகள் போகின்றன, இன்னும் எத்தனை நாள் வேண்டுமோ தெரியாது, உறவுக்காரர்கள் யாராவது வந்து கொடுத்தால் நல்லது என்றார். புவனா முதலில் எழுந்தாள். எடை பார்க்கும் மிஷினில் ஏற்றிவிட்டு இறக்கிவிட்டார்கள். "சாப்பிட்டு உடம்பைத் தேத்துமா. உன்கிட்ட எடுத்தா உனக்கு ஏத்தணும்."

ஹரிஹரன் போனான். ரத்த வங்கியில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டவர், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க." காஞ்சனா ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவள் விரதத்தை அவன் எடுத்துக்கொண்டிருந்தான். புவனாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. "நாளைக்குக் கிருத்திகை. நாளைக்கு முடிச்சிட்டு..."

"வெறும் வயித்துல எடுக்க மாட்டோம். நாளைக்குக் காலையில சாப்பிட்டுட்டு வாங்க."

ஹரிஹரன் வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்தான். பிறகு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் பின்னணியில் பம்பை கேட்டது. தெரு முழுக்கக் கூட்டம் போலிருந்தது.

"நான் நாளைக்குச் சாப்பிடலாமா அம்மா? சாப்ட்டாதான் ரத்தம் எடுப்பாங்களாம். அவ வேண்டுதலும் போயி, என் விரதமும் போனா..."

போனில் பம்பை மட்டும் கேட்டது. புவனாவுக்குத் தெரியும்: அம்மா வேண்டாம் என்றால் அண்ணன் சாப்பிட மாட்டான்.

"எத்தினி இட்லி துண்ணுவ?" என்றாள் ஜெயம்மா.

"அம்மா?"

"எத்தினின்னு கேக்கறேன். நாளைக்கு மொத ரயிலுக்கு நான் வரேன். ஷரீப்பும் குடுக்கறேன்னு சொல்லிகினு கீறான், அவனுக்கும் சேத்து அவிக்கணும். ஊரெல்லாம் இங்க வர்றப்ப நான் ஒருத்தி எதிர்ப்பக்கம் போறேன், உக்கார எடம் கெடைக்கும்." பிறகு குரல் தணிந்தது. "அந்த மலை எங்கியும் போவாது நைனா. அவ கட்டில்ல இருந்து எறங்கி வரட்டும், அப்பால ஏறலாம். டாக்டரம்மா பக்கத்துல கீறாளா?"

"கீறேன் அம்மா."

"அவன் துண்ணானான்னு நீ நின்னு பாரு. ஏமாத்துவான்."

சாயங்காலம் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். ஹரிஹரன் போகச் சொன்னான் என்று புவனா போனாள். காஞ்சனாவின் கழுத்தில் ஒரு குழாய். மாலையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். நர்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். காஞ்சனா ஒரு வாய் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்ல," என்றாள்.

புவனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கஞ்சியில் நிஜமாகவே உப்பு இல்லாமல் இருக்கலாம்.

"அண்ணி, நான் தேய்ச்சது வலிச்சுதா?"

"எரிஞ்சுது." காஞ்சனா கண்ணை மூடிக்கொண்டாள். "நீ எதையும் அரைகொறையா விட மாட்டேன்னு தெரியும். அதான் பேசாம இருந்தேன்."

வராந்தாவுக்கு வந்து புவனா நோட்டை எடுத்தாள்.

ஜூலை 28, ஞாயிறு. இரண்டாவது தடவை பிளாஸ்மா மாற்றினார்கள். பிளேட்லெட் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். அண்ணி பேசினாள். நாளைய வேலை: அம்மாவும் ஷரீப் அண்ணனும் முதல் ரயிலில் வருகிறார்கள், ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வர வேண்டும். அண்ணன் இட்லி சாப்பிடுவதை நின்று பார்க்க வேண்டும். அதன் பிறகு அவனையும் ஷரீப் அண்ணனையும் ரத்த வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.